சாவி மாமாவிடம் இருக்கிறது

அன்புள்ள சார்,

ஆங்கிலத்தில் ஒரு சிறார் நாவல் எழுதி முடித்திருக்கிறேன். நான்கு வருட உழைப்பு, 1,12,000 சொற்கள். பூட்டு செய்யும் தாத்தா ஒருவர் சாவியே இல்லாத ஒரு பூட்டை விட்டுவிட்டு இறந்துபோகிறார், 12 வயதுப் பேத்தி அதைத் திறக்கப் பார்க்கிறாள் என்பது கதை. ஆறு வயதிலிருந்து அறுபது வயதுவரை யாரும் படிக்கலாம். நண்பர் ஒருவர் படங்களும் வரைந்து கொடுத்திருக்கிறார். பெரிய பதிப்பகங்கள் முகவர் (எழுத்தாளருக்காகப் பிரதியைப் பதிப்பகத்திடம் விற்றுத் தருபவர்) வழியாக வந்தால்தான் படிக்கும் என்பதால் 40 முகவர்களுக்கு ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்பினேன். 11 பேர் மறுத்துவிட்டார்கள், 28 பேரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் மட்டும் படித்துப் பார்க்கக் கட்டணம் கேட்கிறார். கட்டலாமா? நல்ல முகவர்கள் பட்டியல் ஏதாவது தர முடியுமா? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

கட்டாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகவரின் வருமானம் உங்களுக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு, வழக்கமாக உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைகளிலும் மொழிபெயர்ப்பிலும் 20. புத்தகம் விற்றால்தான் அவருக்குக் காசு, அதனால்தான் அவர் உங்களுக்காக அலைகிறார். படிப்பதற்கே பணம் வாங்குகிறவருக்கு அந்த அலைச்சல் எதற்கு? புத்தகம் விற்காவிட்டாலும் அவர் வண்டி ஓடுமே. அந்த மின்னஞ்சலுக்குப் பதில்கூட வேண்டாம்.

பட்டியலை அப்புறம் பார்ப்போம். அத்தியாயங்களைப் படித்தேன், இரண்டு தடவை. முதல் பக்கம் பிரமாதம். இறந்தவரின் பட்டறையில் அந்தப் பெண் ஒவ்வொரு பூட்டாகக் காதில் வைத்துக் கேட்கிறாளே, அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் மாமா வருகிறார். வந்ததிலிருந்து அவர்தான் பேசுகிறார். பூட்டின் வரலாறு அவருக்குத் தெரியும், தாத்தாவின் ரகசியமும் தெரியும், மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் சாவி எங்கே இருக்கலாம் என்றும் அவரே சொல்லிவிடுகிறார். அந்தப் பெண் 'அப்படியா மாமா' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். கதாநாயகி அவள்தானே?

சிறார் நாவல்களில் ஏன் இத்தனை அநாதைகள், ஏன் பெற்றோர் எப்போதும் ஊரில் இல்லை அல்லது ஓயாத வேலையில் இருக்கிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். சோகத்துக்காக இல்லை. பொறுப்பான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை எந்த முடிவையும் எடுக்கவேண்டியதில்லை, கதையும் அதோடு நின்றுபோகும், அதனால்தான் எழுதுகிறவர்கள் முதல் வேலையாகப் பெரியவர்களை அப்புறப்படுத்துகிறார்கள். மாமாவைக் கொல்லச் சொல்லவில்லை. அவருக்குத் தவறாகத் தெரிந்திருக்கலாம், பொய் சொல்லலாம், அவளை நம்பாமல் இருக்கலாம். உதவி மட்டும் செய்யக்கூடாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால் நானும் இதையே செய்தவன். என் முதல் சிறார் நாவலின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்கிப் படித்த ஒரு முகவர், 'பையன் நான்காம் அத்தியாயத்தில் காணாமல் போய்விட்டான், அதற்குப் பிறகு வருவது நீங்கள்' என்று எழுதினார். ஒரு வாரம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்துப் பார்த்தால், ஆமாம், நான்தான்.

அடுத்து வயது. ஆறு முதல் அறுபது என்று ஒரு அலமாரி எந்தப் புத்தகக் கடையிலும் கிடையாது. முகவர் அதைப் படித்ததும், இவருக்குத் தன் வாசகர் யார் என்று தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். உங்கள் கதை 8 முதல் 12 வயதுக்கானது, மிடில் கிரேட் என்று ஆங்கிலப் பதிப்புலகில் சொல்வது. பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது பெரிய பிள்ளையைப் பற்றிப் படிக்கத்தான் விரும்புவார்கள், ஆகவே உங்கள் 12 வயதுப் பெண் சரியாகப் பொருந்துகிறாள். பொருந்தாதது நீளம். இந்த வயதுக்கு 30,000 முதல் 50,000 சொற்கள் இயல்பு, மாயாஜாலக் கதையென்றால் இன்னும் கொஞ்சம் கூடலாம். 1,12,000 என்ற எண்ணைப் பார்த்ததுமே சிலர் மூடியிருப்பார்கள். பாதியை வெட்டுவதா என்று பதறாதீர்கள், மாமா வாயை மூடினாலே 20,000 போய்விடும். மொழியை மட்டும் எளிமையாக்குகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். தெரியாத சொல்லைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள், உபதேசத்தைத்தான் தாண்டமாட்டார்கள், புத்தகத்தையே வைத்துவிடுவார்கள்.

வெட்டிய பிறகு யாராவது ஒரு பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், முடிந்தால் உங்களுக்குச் சொந்தமில்லாத பிள்ளைக்கு. பிடித்ததா என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்லும். எந்த இடத்தில் நெளிகிறது, எங்கே ஜன்னலைப் பார்க்கிறது என்று கவனித்துப் பிரதியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். படங்களை அனுப்பவேண்டாம். ஓவியரைத் தேர்ந்தெடுப்பது பதிப்பகத்தின் வேலை. நண்பரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

இனி முகவருக்கு அனுப்பும் அறிமுகக் கடிதம். அங்கே க்வெரி என்பார்கள். ஒரு பக்கம், 300 சொற்களுக்குள். யார் இந்தப் பெண், அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் என்ன இழப்பாள், இவ்வளவுதான் கதைப் பகுதி, முடிவைச் சொல்லக்கூடாது. அதோடு தலைப்பு, வயது, சொல் எண்ணிக்கை, கடந்த நாலைந்து வருடங்களில் வந்த புத்தகங்களில் எந்த இரண்டின் பக்கத்தில் உங்களுடையதை அடுக்கலாம் என்பது, உங்களைப் பற்றி இரண்டு வரி. நீங்கள் அனுப்பிய கடிதத்தில் நான்கு பத்தி வாசிப்பின் அவசியம் பற்றி இருக்கிறது. அதில் எனக்கு மறுப்பே இல்லை, அவருக்கும் இருக்காது, ஆனால் அவர் தேடுவது அதை இல்லை. கதைச் சுருக்கம் வேறு, அதைக் கேட்டால் மட்டும் தரவேண்டும், அதில் முடிவையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

ஒரே நாளில் 40 பேருக்கு அனுப்பியதுதான் எனக்கு உண்மையில் வருத்தம். ஒருமுறை மறுத்தவரிடம் அதே நாவலோடு திரும்பப் போவது கஷ்டம், முழுக்கத் திருத்தி எழுதியிருந்தால்தான் சிலர் மறுபடி பார்ப்பார்கள். ஆறு ஏழு பேராக அனுப்பிக் காத்திருக்கவேண்டும், ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை ஆகும், பலரிடம் மௌனமே மறுப்பு. இப்படிச் சிறு கொத்தாக அனுப்புவதில் ஒரு லாபம் உண்டு, எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். யாருமே முழுப் பிரதியைக் கேட்கவில்லையா, கடிதத்திலோ முதல் பக்கங்களிலோ பிரச்சினை. கேட்டுப் படித்துவிட்டு மறுக்கிறார்களா, பிரச்சினை உள்ளே. உங்கள் 40 பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த முதல் பக்கத்தைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடிதமும் அந்த 1,12,000-மும்தான் வாசலிலேயே மறித்திருக்கின்றன.

ஜே. கே. ரோலிங்கின் முதல் நாவலை 12 பதிப்பகங்கள் மறுத்த கதையை யாராவது உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லியிருப்பார்கள், எனக்கும் ஏகப்பட்ட பேர் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவர் மூன்று அத்தியாயங்களை முகவர்களுக்கு அனுப்பினார், முதலாமவர் மறுத்தார், இரண்டாமவர் முழுப் பிரதியையும் கேட்டார். அந்த 12 கதவுகளையும் தட்டியது அந்த முகவர் அலுவலகம்தான். 1997-இல் புத்தகம் வெளிவந்தது. ஒருவர் பன்னிரண்டு தடவை 'இல்லை' கேட்டுவிட்டும் பதிமூன்றாவது ஆளிடம் போகிறார் என்றால் அவருக்கு அந்தக் கதை உண்மையாகவே பிடித்திருக்கவேண்டும். 15 சதவீதம் அதற்குத்தான்.

ஆகவே பட்டியலை நான் தருவதில் பயனில்லை. உங்களுக்குப் பிடித்த சமீபத்திய சிறார் நாவல்களை எடுத்து நன்றியுரையைப் பாருங்கள், பெரும்பாலும் முகவர் பெயர் இருக்கும், அவர் தளத்தில் என்ன கேட்கிறார், எத்தனை பக்கம் கேட்கிறார் என்றும் இருக்கும். பத்துப் பக்கம் என்றால் பத்து, பதினொன்று இல்லை. யாராவது ஏற்க முன்வந்தால் உடனே தலையாட்டாமல், பிரதியில் என்ன மாற்றச் சொல்வார், பிரிய நினைத்தால் எத்தனை நாள் அறிவிப்பு தரவேண்டும் என்று கேளுங்கள். பிரதியைக் கையில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் தகவல் சொல்லி ஒன்றிரண்டு வாரம் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம், அது மரியாதைதான்.

இதெல்லாம் ஐந்தாறு மாதம் கழித்து. இப்போதைக்கு மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து மாமா பேசும் அந்த ஏழு பக்கங்களை அழித்துவிட்டு, பூட்டையும் அந்தப் பெண்ணையும் மட்டும் பட்டறையில் விட்டுப் பாருங்கள். எழுதியதை அனுப்புங்கள், படிக்கிறேன். கட்டணம் கிடையாது.