பட்டறைப் பதில்கள்: லாரி ஆக்ஸிலைப் பிக்கப்பில் மாட்டலாமா?

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்கு ஒன்பது வயது. போன வருடம் 29.5 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் போட்டேன். பின் டிஃபரன்ஷியலுக்கு (விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் பல்சக்கர அமைப்பு) லாக்கரும், அதாவது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் சாதனமும் வைத்தேன். ஜவ்வாது மலைப் பக்கம் ஓர் ஓடையிலிருந்து கரையேறும்போது வலது பின் ஆக்ஸில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு) உள்முனையில் முறிந்துவிட்டது. புதுப்பேட்டையில் ஒரு லாரி ஆக்ஸிலைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கி மாட்டலாமா? முறிந்த துண்டின் போட்டோ இணைத்துள்ளேன்.
– வாசகர், மேடவாக்கம்

பதில்: தம்பி, அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். பலர் அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். ஷாஃப்ட் ஏன் முறிந்தது என்பதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் ஸ்ப்ளைன் பற்கள் நேராக இல்லை, கயிறு திரித்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. முறிந்த முகம் தட்டையாக, முழுக்க ஒரே நிறத்தில் இருக்கிறது. நாள்பட்ட விரிசலில் போன ஷாஃப்ட் இப்படி இருக்காது. அதில் ஓர் ஓரத்திலிருந்து வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும், மெரினாவில் அலை பின்வாங்கும்போது மணலில் விட்டுப்போகும் கோடு மாதிரி. கடைசியாகப் பிய்ந்த இடம் மட்டும் கற்கண்டு உடைத்தது போலச் சொரசொரப்பாக நிற்கும். அப்படி இருந்தால் ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) வளைந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று தேடச் சொல்லியிருப்பேன். உங்களுடையது ஒரே அடியில், தாங்கமுடியாத முறுக்கில் போயிருக்கிறது.

அந்த முறுக்கு எங்கிருந்து வந்தது? லாக்கர் இல்லாத டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சம விசைதான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் மறுபக்கத்துக்கும் பெரிதாக ஒன்றும் போகாது. வண்டி நகராது, ஷாஃப்டும் பிழைத்துக்கொள்ளும். லாக்கர் போட்டபின் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. இடது சக்கரம் தூக்கி நின்றால் பின்பக்கத்துக்கு வரும் மொத்த விசையும் வலது ஷாஃப்டின் தலையில்தான். அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் 300 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.5, கிரவுன் பினியன் (ஆக்ஸில் நடுவில் உள்ள பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி) 4.1 என்று வைத்தால், பெருக்கினால் 12,300 நியூட்டன் மீட்டர். அதோடு டயர் 29.5-லிருந்து 33 ஆனதில், அதே பிடிப்புக்கு ஷாஃப்ட் தாங்கவேண்டிய முறுக்கு 12 சதவீதம் ஏறியிருக்கிறது. சக்கரம் வழுக்கிச் சுற்றிக்கொண்டிருந்து, திடீரென்று ஒரு பாறையைக் கவ்வும் அந்த நொடியில்தான் ஷாஃப்ட் போகும். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்.

ஆக, பலமான ஆக்ஸில் வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி. ஆனால் அந்த லாரி ஆக்ஸில் வேண்டாம்.

முதல் காரணம் கிரவுன் பினியன் ரேஷியோ. லாரிகளில் 5-க்கு மேல், 6-க்கு மேல் எல்லாம் சாதாரணம். உங்கள் முன் ஆக்ஸில் 4.1 என்றால், பின்னால் 6 இருக்கக்கூடாது. ஃபோர் வீல் போட்ட நிமிடமே முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) இறுகி மாட்டிக்கொள்ளும். இரண்டாவது காரணம் உயரம். கிரவுன் வீல் பெரிதானால் நடுவில் தொங்கும் உருண்டையும் பெரிதாகும். அமெரிக்காவில் ஜீப்காரர்கள் டானா 44 என்ற ஆக்ஸிலை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய டானா 60 மாட்டுவார்கள். கிரவுன் 8.5 அங்குலத்திலிருந்து 9.75 ஆகும், அடியில் அரை அங்குலத்துக்கு மேல் தரை இடைவெளி குறையும். பெரிய டயரில் சம்பாதித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடும். லாரி ஆக்ஸிலில் இன்னும் மோசம். எடை, அகலம், வீல் போல்ட் வட்டம் இதெல்லாம் தனித் தலைவலி.

நீங்கள் தேடவேண்டியது, உங்கள் வண்டியின் எடை வகைக்குப் பக்கத்தில் உள்ள சரக்குப் பிக்கப்பின் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில். உங்களிடம் இப்போது இருப்பது செமி ஃப்ளோட்டிங். அதில் வண்டியின் பாரத்தையும் முறுக்கையும் ஷாஃப்டே சுமக்கிறது. ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்), ஹவுசிங் முனையில் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் மேல் உட்கார்ந்திருக்கும். பாரம் ஹவுசிங்குக்குப் போய்விடும், ஷாஃப்டுக்கு முறுக்கு மட்டும்தான். ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்காரர்கள் ஜாக்கி போடாமல், சக்கர நடுவில் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை வாள் உருவுவது போல உருவுவார்களே, அதுதான்.

இந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தவன். படப்பை தாண்டி ஒரு குவாரிப் பாதையில், ஜல்லி ஏற்றிய பிக்கப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். செமி ஃப்ளோட்டிங் ஷாஃப்ட் பேரிங்குக்கு வெளியே முறிந்தது. எங்கள் பின்சக்கரம் டிரம்மோடு சேர்ந்து எங்களையே முந்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தோம். வேகம் குறைவு, உயிர் தப்பினோம். உங்களுக்கு உள்முனையில் முறிந்ததால்தான் சக்கரம் நின்றது. பிரேக் டிரம் கழன்றால் அந்தப் பக்கப் பிரேக்கும் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

புதுப்பேட்டைக்குப் போகும்போது ஒரு நூல்கண்டும் சாக்பீஸும் கொண்டுபோங்கள். ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். பினியன் ஃப்ளாஞ்சில் (ப்ரொபெல்லர் ஷாஃப்டை மாட்டும் தட்டு) சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினால் அதுதான் ரேஷியோ. கவரைத் திறக்கவிட்டால் இன்னும் நல்லது: கிரவுன் 41 பல், பினியன் 10 என்றால் 4.1. அப்புறம் இரண்டு ஹப் முகத்திலும் நீளமான நேர்சட்டம் வைத்து, முன்னால் உள்ள இடைவெளியையும் பின்னால் உள்ளதையும் நூலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஹவுசிங் வளைந்தது. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

வெல்டிங்கில்தான் பாதி வேலை கெடும். பட்டை ஸ்பிரிங் உட்காரும் பேட் தகட்டை முதலில் பொட்டு வைத்த மாதிரி மட்டும் ஒட்டுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, சொந்த எடையில் நிற்கவைத்து, பினியன் ஃப்ளாஞ்ச் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃப்ளாஞ்சுக்கு இணையாக இருக்கிறதா என்று ஆங்கிள் மீட்டர் வைத்துப் பாருங்கள். வேகம் எடுக்கும்போது பட்டை முறுக்கிப் பினியன் மூக்கு மேலே எழும் என்பதால், 1 முதல் 2 டிகிரி கீழே விடலாம். முழு வெல்டை ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம் என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் போடவேண்டும். ஒரே மூச்சில் போட்டால் ஹவுசிங்கின் டியூப் வாழைப்பழமாக வளையும். எர்த் கிளாம்பை ஹவுசிங்கிலேயே மாட்டுங்கள். சேஸிஸில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் ரோலரில் புள்ளி விழும்.

பிரேக்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நிறையப் பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சின்னக் கம்பி போகும். பாரத்துக்குத் தகுந்தபடி பின்பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. பழைய ஆக்ஸிலில் அந்தக் கம்பி இருந்த நீளமும் கோணமும் புதியதிலும் அப்படியே வரவேண்டும். தொங்கவிட்டுவிட்டால், காலி வண்டியில் மழை நாளில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம், பாரம் ஏற்றினால் பிரேக் போதாமலும் போகலாம். வேளச்சேரி மேம்பாலத்து இறக்கத்தில் அது தெரியவரக்கூடாது.

சட்டத்தையும் சொல்லவேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. வேலை தொடங்கும் முன்னால் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆக்ஸில் பெரிதானதால் ஆர்சியில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது.

இவ்வளவும் பெரிய வேலை என்று தோன்றினால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது வேறு. டயரை 31-க்கு இறக்குவேன். ஷாஃப்டை இஎன் 24 என்ற உறுதியான கலப்பு எஃகில் செய்து போடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்ப்ளைன் வெட்ட நல்ல கைகள் உண்டு. ஆனால் வெட்டியதும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்குவது) முடித்து, கடினத்தன்மை அளந்த சீட்டோடு வாங்குங்கள். சூடு காட்டாத இஎன் 24, கம்பெனி ஷாஃப்டுக்கு முன்னாலேயே திரிந்துவிடும்.

கேள்வி: 2023 மிக்ஜாம் புயலில் என் பிக்கப் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இப்போது பின் ஆக்ஸில் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது. வண்டி ஓடுகிறது. மாற்றியே ஆகவேண்டுமா?
– வாசகி, முடிச்சூர்

பதில்: அம்மா, இன்றைக்கே மாற்றுங்கள். உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. ஹவுசிங் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூடி உண்டு. அது அடைத்திருந்தாலோ உடைந்திருந்தாலோ, ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பழைய ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். வடித்ததை ஒரு வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். விரலில் மினுமினுவென்று மாவாக ஒட்டினால் பரவாயில்லை, செதிலாக வந்தால் பேரிங்கைத் திறந்து பார்க்கவேண்டும். பிரீதருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, அதன் முனையைச் சரக்குத் தொட்டி உயரத்துக்கு மேலே கட்டிவிடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.