பெயர் இண்டியன், உடம்பு புல்லட்: வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஓஹாயோவில் இருக்கும் என் மகன் 1957 மாடல் ‘இண்டியன் உட்ஸ்மேன்’ பைக் ஒன்றுக்கு விலை பேசுகிறான். போட்டோவில் இன்ஜின் என் பழைய புல்லட் மாதிரியே இருக்கிறது. பேட்ஜை மாற்றி ஏமாற்றுகிறார்களா?

பதில்: உங்கள் கண் தப்பவில்லை, அது புல்லட்தான். ஆனால் மோசடி இல்லை.

இண்டியன், 1901-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜார்ஜ் ஹெண்டீயும் ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ராமும் தொடங்கிய கம்பெனி. 1911 ஐல் ஆஃப் மேன் பைக் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் அவர்களுக்கே. ஸ்கவுட், சீஃப் என்ற வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்) வண்டிகள்தான் பேர் வாங்கித் தந்தவை. போருக்குப் பின் சிறிய வண்டிகளில் பணத்தைக் கொட்டினார்கள். அவை அடிக்கடி மக்கர் செய்தன. போதாக்குறைக்கு 1949-ல் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட, பிரிட்டிஷ் பைக்குகள் அமெரிக்காவில் மலிவாகிவிட்டன. 1953-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் தயாரிப்பு நின்றது.

பெயர் மட்டும் பிழைத்தது. அதன் உரிமை பிராக்ஹவுஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்திடம் இருந்தது. 1955 முதல் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஆலையில் செய்த ராயல் என்ஃபீல்டுகளை இண்டியன் என்று பெயரிட்டு அமெரிக்காவில் விற்றார்கள். 700 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி ‘டிரெயில்பிளேஸர்’ ஆனது. 500 சிசி புல்லட் ‘உட்ஸ்மேன்’ ஆனது. அதே 1955-ல்தான் நம் மெட்ராஸிலும் பாகங்களைச் சேர்த்துப் புல்லட் தயாரிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் வண்டிக்கு உட்ஸ்மேன் அண்ணன் முறை!

சரி, வாங்கலாமா? வாங்கலாம், புல்லட் என்று தெரிந்து வாங்கினால். சீஃப் மாடலின் விலையைச் சொன்னால் நகர்ந்துவிடச் சொல்லுங்கள். 1940-க்குப் பிந்தைய சீஃபில் மட்கார்டு பாவாடை போல இறங்கிச் சக்கரத்தைப் பாதி மறைக்கும். இன்ஜினில் இரண்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும். உட்ஸ்மேனில் ஒற்றை சிலிண்டர். கியர்பாக்ஸில் நியூட்ரல் ஃபைண்டர் லிவர் (மிதித்தால் நேரே நியூட்ரலுக்குப் போகும் லிவர்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியாததா!

நம்ம ஊர் ஆர்.சி. போல அங்கே ‘டைட்டில்’ உண்டு. அதிலுள்ள எண்ணும் வண்டியில் குத்திய எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும். உதிரி பாகம் தேடும்போது ‘இண்டியன்’ என்று கேட்டு அலைய வேண்டாம். 1950-களின் ரெடிட்ச் 500 புல்லட்டுக்கு என்று கேட்கட்டும். உங்களிடம் இருக்கும் 350 சாமான்களை மூட்டை கட்டி அனுப்பிவிடாதீர்கள். பிஸ்டன், சிலிண்டரெல்லாம் அளவே வேறு.