கைப்பர் பட்டைப் பொருள் என்றால் என்ன?

நெப்டியூனுக்கு அப்பால் சூரியனைச் சுற்றிவரும், பனியும் பாறைத்தூளும் கலந்த கட்டிகளைத்தான் கைப்பர் பட்டைப் பொருட்கள் என்கிறோம். கோள்கள் உருவானபோது எதிலும் சேராமல் மிஞ்சியவை இவை. அவ்வளவு தூரத்தில் மூலப்பொருள் மிகவும் சிதறிக் கிடந்தது. போதாததற்கு நெப்டியூனின் ஈர்ப்பும் கலைத்துவிட்டது. அதனால் இவை கோளாக வளரவில்லை.

சரி, இத்தனை சின்னக் கட்டிகள் மேல் ஏன் இவ்வளவு ஆர்வம்? ஃப்ரீசரில் வைத்த பொருள் கெடாமல் இருப்பதுபோல, அங்குள்ள கடுங்குளிரில் இவை சுமார் 450 கோடி ஆண்டுகளாகப் பெரிதாக மாறாமல் இருக்கின்றன. அரோகோத் என்ற கைப்பர் பட்டைப் பொருளைப் பாருங்கள். 2014இல் ஹபிள் தொலைநோக்கி கண்டுபிடித்தது; 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகில் சென்று படமெடுத்தது. நீளம் சுமார் 36 கி.மீ.தான். சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆகும். ஈரக் களிமண் உருண்டைகள் இரண்டை மெல்ல ஒட்டவைத்த மாதிரி வடிவம். ஒட்டிய இடத்தில் நொறுங்கிய தடமே இல்லை. கோள்களின் விதைகள் முட்டி மோதாமல் மெதுவாகச் சேர்ந்தே வளர்ந்திருக்கும் என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியவில்லை. (பனி என்றால் தண்ணீர் மட்டுமல்ல, அரோகோத்தில் தெளிவாகத் தெரிந்தது மெத்தனால் என்ற ஒருவகை ஆல்கஹாலின் உறைந்த வடிவம்.)

பட்டை என்றதும் கட்டிகள் நெருக்கியடித்து மிதப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே இடைவெளி அவ்வளவு அதிகம், விண்கலம் போய்ச்சேரக்கூடிய ஒன்றைத் தேடிப் பிடிக்கவே ஹபிளின் உதவி தேவைப்பட்டது.