ஜூலைக் குளிரில் ஒரு சூப்புப் பானை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்குக் குடிவந்த எங்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். ஜூன் கடைசியில் பள்ளிகளுக்கு விடுமுறை. இரண்டு குடும்பங்களாக, குழந்தைகளோடு எட்டுப் பேர், டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் ஒரு குடிலில் நான்கு நாள் தங்கப்போகிறோம். சமையல் நாங்களேதான். ஊரிலிருந்து என் அம்மாவும் வந்திருக்கிறார். அவரும் நண்பரின் மனைவியும் சைவம். மாலையில் எல்லோரும் கூடி உட்கார்ந்து குடிக்க, வயிறு நிறையும்படியான நம் பாரம்பரிய சூப் ஏதாவது செய்ய ஆசை.

எங்கள் பக்கத்து வீட்டு ஆயா நான்கு தலைமுறையாக இந்த நாட்டில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். பீன்ஸும் ஆட்டுக்காலும் சேர்த்துத் தண்ணீராக ஒன்று வைத்துக் கொடுத்தார். அபாரம். ஆனால் அம்மா வாசனையைப் பார்த்துவிட்டு, இது நம் சாப்பாடே இல்லை என்கிறார். அப்படியா? இன்னொரு தொல்லையும் உண்டு. ஊரில் செய்வதுபோலவே தக்காளி, பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத்தான் வைக்கிறேன். இங்கே எதுவும் வேகமாட்டேன் என்கிறது.

கார்த்திகேயன்,
ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள கார்த்திகேயன்,

முதலில் வேகாத பருப்பைப் பார்த்துவிடுவோம். அம்மாவின் வழக்கைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில். கொடைக்கானலுக்குச் சில நூறு மீட்டர்தான் கீழே. அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிர, சூடு அதற்கு மேல் ஏறாது. டர்பனில் கடலோரத்தில் இருக்கும் எனக்கு 100 டிகிரி கிடைக்கிறது. எங்களுக்கு ஒரு மணி நேரத்தில் குழைவது உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் இழுத்தால் ஆச்சரியமில்லை. மலையடிவாரக் குடில்களும் பெரும்பாலும் 1,300, 1,500 மீட்டரில்தான் இருக்கின்றன. அங்கே போனாலும் பெரிய விடுதலை கிடைக்காது. பிரஷர் குக்கரைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஊரில் மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து வையுங்கள்.

உயரத்தின் மேல் மட்டும் பழி போட்டுத் தப்பிக்கவும் முடியாது. தக்காளியையும் பருப்பையும் ஒன்றாகப் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். புளிப்பு பட்டால் பயற்றின் தோலும் உள்ளே இருக்கும் பசைப்பொருளும் இளகாது. கடலோரத்தில் 100 டிகிரியில் அந்தத் தவறு மன்னிக்கப்பட்டுவிடும். உங்கள் உயரத்தில் மன்னிப்பு கிடையாது. பயறு விரலால் நசுங்கும் வரை தக்காளி, புளி, எலுமிச்சை எதுவும் பானைப் பக்கம் வரக்கூடாது. உப்பு அப்படியில்லை. ஊறவைக்கும் தண்ணீரிலேயே ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டால் தோல் சீக்கிரம் மென்மையாகும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று என் பாட்டி சொன்னதை நானும் வெகுகாலம் கேட்டவள்தான். சமையல் சோடா போடச் சொல்வார்கள். வேகமாக வேகும், உண்மைதான். சோப்பு வாடையும் வரும், தயாமின் என்ற வைட்டமினும் போய்விடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இனி அம்மாவின் வழக்கு.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் தெற்கிலிருந்து வந்தவர்கள். கரும்புத் தோட்டத்தில் படியாக அளந்தது அரிசி, பருப்பு, உப்பு, கொஞ்சம் எண்ணெய் அல்லது நெய், கருவாடு. அரிசி குறைந்தால் மக்காச்சோள மாவு. விடிவதற்குள் கரும்பு வெட்டப் போகும் பெண்ணுக்கு மூன்று வகை பொரியல் செய்ய நேரம் ஏது? ஒரு பானையில் எல்லாவற்றையும் போட்டு, இரவு கணப்பில் வைத்துவிட்டுப் படுப்பாள். ஒப்பந்தம் முடிந்ததும் நகரத்தைச் சுற்றிக் குத்தகை நிலத்தில் காய்கறித் தோட்டம் போட்டார்கள். அவரையும் கீரையும் பூசணியும் விளைந்தன. பக்கத்தில் ஸூலு மக்கள் மக்காச்சோளத்தை உடைத்துப் பயறோடு சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பதைப் பார்த்தார்கள். கசாப்புக்காரரிடம் ஆட்டுக்கால் மலிவு. பக்கத்து வீட்டு ஆயாவின் பானை இப்படி வந்ததுதான். தாளிப்பு நம்முடையது, தானியம் இந்த மண்ணுடையது, கால் ஆட்டினுடையது. இதில் எந்தப் பகுதியை அம்மா மறுக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அப்படியும் அவர் இறங்கி வராவிட்டால், ஜூலை நடுவில் அவரை டர்பனுக்கு அழைத்து வாருங்கள். ஆடி பிறந்ததும் இங்கே மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவு. கூழ் வேறு, சூப்பு வேறு என்று வாதாடலாம்தான். ஆனால் ஆளுக்கொரு கிண்ணத்தில் சூடாக வாங்கிக் குளிரில் நின்று குடிக்கும்போது அந்த வாதம் எடுபடாது. நம் பண்டிகைகளில் பருவம் மாறி நல்லதாக அமைந்தது இது ஒன்றுதான் என்பேன். மார்கழியில் இங்கே விடியற்காலையிலேயே வியர்க்கிறது. தைப்பொங்கல் உச்சி வெயிலில் வருகிறது. ஆடி மட்டும்தான் அசல் குளிரோடு வந்து நிற்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் குளிர்கால விடுமுறைச் சூப்புகள் டிசம்பர் பனிக்காக எழுதப்பட்டவை. நமக்கு வேண்டியது ஆடிக்கு.

பாரம்பரிய சூப் என்றால் ரசம் போதாதா என்று கேட்கலாம். ரசத்தின் மேல் எனக்குக் குறையே கிடையாது. சளி பிடித்த அன்று அதை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் பகலெல்லாம் மலைப்பாதையில் ஏறி இறங்கிவிட்டு வரும் பத்து வயதுப் பையனுக்கு ரசம் பத்தாது. அரை மணியில் ரொட்டி எங்கே என்பான். கனமான சூப்புக்குக் கனத்தைத் தருவது பயறும் எலும்பும் காத்திருப்பும்தான். சோள மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவதும், பொட்டலப் பொடியைக் கொட்டுவதும் கனமல்ல, வேஷம். கொள்ளு கிடைத்தால் அது வேறு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். குளிருக்கு நான் இருவருக்கும் கொள்ளைத்தான் வேகவைப்பேன்.

ஆயாவின் பானைக்கு வருகிறேன். ஆறு பேருக்கு எட்டு ஆட்டுக்கால், அரைக் கிலோ ஷுகர் பீன்ஸ். வெளிர் நிறத்தில் செம்பழுப்புப் புள்ளியோடு இருக்கும் அந்தப் பயறு எந்தக் கடையிலும் கிடைக்கும். பொட்டலத்தின் தேதியைப் பாருங்கள். கிடந்து பழசான பயறு எத்தனை விசிலுக்கும் மசியாது. முந்தைய இரவே உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஆட்டுக்காலை நெருப்பில் வாட்டிச் சுரண்டி, மஞ்சள் போட்டுக் கழுவி, ஒரு கொதி வந்ததும் முதல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வையுங்கள். இஞ்சி, தட்டிய பூண்டு, ஒரு பட்டை, கொஞ்சம் சோம்பு. குக்கரில் ஒரு மணி நேரம், வெறும் பானையில் என்றால் நாலு மணி நேரம். தசைநாரெல்லாம் கரைந்து உதடு ஒட்டும் பதம் வரவேண்டும். ஆறினால் அப்படியே உறைந்து நிற்கும். அதுதான் சரியான அடையாளம்.

பயற்றைத் தனியே வேகவைக்கச் சொல்கிறேன். சைவக்காரர்களுக்காக மட்டுமல்ல. ஷுகர் பீன்ஸ், ராஜ்மா எல்லாம் ஒரே இனம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் குடலைப் புரட்டும் நச்சு ஒன்று அவற்றில் உண்டு. கடலோரத்தில் பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தால் அது அடங்கிவிடும். உங்கள் உயரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். மின்சார மெதுவடுப்பில் ஊறிய பயற்றை நேராகப் போட்டுவிட்டு வெளியே போகிறார்களே, அது ஆபத்து. மிதமான சூட்டில் அந்த நச்சு குறைவதற்குப் பதில் கூடும். விடுமுறையில் எட்டுப் பேரும் ஒரே கழிப்பறை வாசலில் நிற்கவேண்டாம்.

வெந்த பயற்றில் பாதியை மத்தால் கடைந்து எலும்புச் சாற்றில் ஊற்றுங்கள். இப்போதுதான் தக்காளி, மூன்று போதும். பிறகு வாணலியில் எண்ணெய், கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், பொடியாக நறுக்கிய வெங்காயம், நிறையக் கறிவேப்பிலை, அடுப்பை அணைத்தபின் ஒரு கரண்டி டர்பன் மசாலா, அதாவது இங்கத்திய கறிமசாலாப் பொடி. கொட்டியவுடன் மூடி பத்து நிமிடம் திறக்காதீர்கள். இந்தத் தாளிப்பைச் செய்யும்போது அம்மாவை அடுக்களையில் நிறுத்தி வையுங்கள். வாசனையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவருக்கு வாசனையே பதில் சொல்லட்டும்.

சைவப் பானைக்கு என் தேர்வு சாம்ப், அதாவது உடைத்த மக்காச்சோளம். இரண்டு பங்கு சாம்ப்புக்கு ஒரு பங்கு பீன்ஸ், இரண்டையும் இரவே ஊறவைத்து, மேலே சொன்ன அரை மணிக் கொதிக்குப் பிறகு மூன்று மணி நேரம் வேகவையுங்கள். ஸூலு வீடுகளில் இதைக் கெட்டியாகச் சாப்பிடுவார்கள். நீங்கள் இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு, பரங்கிக்காய்த் துண்டும் கடைசியில் ஒரு கட்டுக் கீரையும் சேர்த்தால் சூப்பாகிவிடும். மாமியார் இதில் தேங்காய்ப் பால் விடுவார். நான் விடுவதில்லை, மக்காச்சோளத்தின் இனிப்பே போதும். மிளகைத் தாராளமாகத் தட்டிப் போடுங்கள்.

கடைகளில் சூப் மிக்ஸ் என்று பார்லி, உடைத்த பட்டாணி, பருப்பு கலந்த பொட்டலம் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே காரட், டர்னிப், செலரி சேர்த்த சிறு கட்டும் இருக்கும். இது ஆங்கிலேயர் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு வந்தது. இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்தால் முதல் நாள் மாலைக்கு, களைத்துப்போய்ச் சேரும்போது, அருமையாக உதவும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பார்லி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். இரவு சூப்பாக இருந்தது காலையில் பொங்கலாக இருக்கும்.

பயண நாளில் சாம்ப் வேகும் நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. மின்வெட்டுக் காலத்தில் இந்த நாடு முழுக்கக் கற்றுக்கொண்ட பாடம் இது. காலையில் குக்கரில் அரை மணி நன்றாகக் கொதித்து, அழுத்தம் தானாக இறங்கிய பிறகு, மூடியைத் திறக்காமலே இரண்டு கம்பளியில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டிக்குள் இறுக்கி வையுங்கள். கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தலையணை. நான்கைந்து மணி நேரக் கார்ப் பயணத்தில் அது தன்பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். சேர்ந்ததும் கம்பளியைப் பிரித்து மறுபடி தளதளவென்று கொதிக்கவைத்துத் தாளியுங்கள். கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிப்போயிருந்தால் மட்டும் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

மிஞ்சிய சூப்பை ராத்திரி அடுப்பிலேயே விடவேண்டாம். அகலமான பாத்திரத்தில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளித் திண்ணையிலேயே குளிர்கிறதே என்று அங்கே வைக்கத் தோன்றும். மலையில் பபூன்களும் குரங்குகளும் இருக்கின்றன. ரொட்டி, பழம் எதையும் திறந்த சன்னலோரம் வைக்காதீர்கள்.

புறப்படும் முன், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வரும் என்3 நெடுஞ்சாலையின் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பனி விழுந்தால் அந்தச் சாலையில் இருக்கும் வான் ரீனன் கணவாயை மூடிவிடுவார்கள். 2024 செப்டம்பரில் அங்கே ஏராளமானோர் இரவெல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. நீங்கள் கணவாய்க்கு முன்பே ஹாரிஸ்மித் ஊரில் மலைப்பக்கம் திரும்பிவிடுவீர்கள் என்றாலும், நெரிசல் அதுவரை நீளும். அப்படி மாட்டிக்கொண்டால் கம்பளிக்குள் இருக்கும் குக்கரை அங்கேயே திறக்கலாம். எட்டுக் கிண்ணமும் கொஞ்சம் மிளகுத்தூளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
டர்பனிலிருந்து