குதிரையின் தாடை உடைந்தால் அறுவை சிகிச்சையில் சேருமா?

கேள்வி: எங்கள் மூன்று வயதுக் குதிரை தீவனத் தொட்டியின் விளிம்பைக் கடித்தபடி மிரண்டு இழுத்ததில் கீழ்த்தாடையின் முன்பக்கம் உடைந்து, பற்களோடு தொங்குகிறது. ஆபரேஷன் செய்தால் பிழைக்குமா? இல்லை, ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் நல்லதா?

பிழைக்கும். ஊசிப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். நான் குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன். எலும்பு முறிவோடு வரும் குதிரைகளில் என் வயிற்றில் புளியைக் கரைக்காதது இந்த முன்தாடை முறிவு மட்டும்தான்.

மற்றதெல்லாம் பிறகு, முதலில் ஒன்று: தொங்கும் துண்டைப் பிடுங்காதீர்கள், பிடுங்க யாரையும் விடாதீர்கள். "அது செத்த சதை சார், வெட்டிப் போட்டுட்டா ஆறிடும்" என்று சொல்ல ஊருக்கு ஒருவர் இருப்பார். பார்க்க அப்படித்தான் இருக்கும்: ஈறு கிழிந்து, எச்சிலும் ரத்தமும் கலந்து ஒழுகி, இரண்டு நாளானால் நாற்றமும் வரும். ஆனால் வாய்ப்பகுதிக்கு ரத்த ஓட்டம் அதிகம். ஈறு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலே அந்தத் துண்டு பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அதோடு, மூன்று வயதில் நடு வெட்டுப்பற்கள் மட்டுமே நிலைப்பற்களாக மாறியிருக்கும். பக்கத்துப் பற்கள் மூன்றரை வயதிலும் ஓரப்பற்கள் நாலரை வயதிலும்தான் விழுந்து முளைக்கும். அவற்றின் முளைகள் அந்த எலும்புக்குள்தான் இருக்கின்றன. துண்டை வெட்டினால் இனி முளைக்க வேண்டிய பற்களும் அதோடு போய்விடும்.

சரி, குதிரைக்கு எலும்பு முறிந்தால் கதை முடிந்தது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பழனிப் பக்கம் ஜட்கா ஓட்டும் ஒருவரும் என்னிடம் இதையே கேட்டார்: "கால் ஒடிஞ்சா சுட்டுடணும்பாங்களே சார், வாய் ஒடிஞ்சாலும் அப்படித்தானா?" காலைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பைக் குதிரை நான்கு கால்களில் தாங்கியாக வேண்டும். ஒரு காலை ஊன்ற முடியாவிட்டால் எடை முழுக்க மற்ற கால்களில் விழும், அங்கே குளம்புக்குள் லாமினைடிஸ் என்ற அழற்சி கிளம்பும். 2006-இல் அமெரிக்காவில் ப்ரீக்னஸ் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கிய பார்பரோ என்ற குதிரைக்கு நடந்தது அதுதான். எலும்பை பிளேட் வைத்துச் சேர்த்தார்கள், மாதக்கணக்கில் காப்பாற்றினார்கள். கடைசியில் மற்ற கால் குளம்புகள் கெட்டுப்போய் 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. தாடைக்கு அந்தச் சுமை கிடையாது. கீழ்த்தாடை உடைந்த குதிரை நின்றுகொண்டிருக்கும், நடக்கும். கொஞ்சம் சிரமப்பட்டாவது பெரும்பாலும் தின்னவும் செய்யும்.

இனி ஆபரேஷன். உங்கள் குதிரைக்கு இருப்பதுபோல் வெட்டுப்பற்களோடு முன்துண்டு மட்டும் பெயர்ந்திருந்தால், பெரும்பாலும் குதிரையைப் படுக்க வைக்கவே வேண்டாம். ட்ரெவிஸில், அதாவது குதிரையை அசையாமல் நிறுத்தும் கம்பிக் கூண்டில் நிறுத்தி, டெட்டோமிடின், பியூட்டார்ஃபனால் என்ற அரைமயக்க மருந்துகளைப் போட்டால் தலை தானாகத் தொங்கிவிடும். கடிவாளம் உட்காரும் பல்லில்லாத இடைவெளியில், தாடையின் வெளிப்பக்கம் விரலை வைத்துத் தேய்த்தால் சின்னக் குழி ஒன்று தட்டுப்படும். நரம்பு வெளியே வரும் துளை அது. அங்கே இரண்டு பக்கமும் லிக்னோகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்தைப் போட்டால் முன்தாடையும் கீழுதடும் மரத்துப்போகும். முழு மயக்கத்தைத் தவிர்க்க முடிந்தால் நான் எப்போதும் தவிர்ப்பேன். ஆரோக்கியமான குதிரைகளிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று முழு மயக்கத்தின் பலனாகச் சாகிறது என்பது ஆய்வில் வந்த கணக்கு.

பிறகு கழுவல். இதற்குத்தான் நேரம் பிடிக்கும். முறிவின் இடுக்கில் புல், தவிடு, கொள்ளுத் தோல் எல்லாம் அடைத்துக்கொண்டு கிடக்கும். உப்புநீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி அதையெல்லாம் எடுக்க வேண்டும். எதோடும் ஒட்டாமல் கிடக்கும் எலும்புச் சில்லுகளையும் எடுத்துவிடுவோம்.

சேர்ப்பதற்கு வேண்டியது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத கம்பி. பிளேட், ஸ்க்ரூ என்று பெரிதாக எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் இந்த இடத்தில் கம்பிதான் சரி என்பது என் கட்சி. பச்சைக் குச்சியை வளைத்து ஒடித்தால் ஒரு பக்கம் வாய் பிளக்கும், எதிர்ப்பக்கம் நெருக்கும் இல்லையா? குதிரை கடிக்கும்போது கீழ்த்தாடையும் அப்படித்தான்: பற்கள் இருக்கும் மேல்பக்கம் பிளக்கப் பார்க்கும், அடிப்பக்கம் நெருக்கும். பிளக்கும் பக்கத்தைக் கம்பியால் பிடித்து நிறுத்திவிட்டால், குதிரை கடிக்கிற விசையே முறிந்த முகங்களை அழுத்திச் சேர்த்துக்கொடுக்கும். பிளேட்டைப் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் வைக்க முடியும். ஸ்க்ரூ போட்டால் பல்வேரிலோ பல்முளையிலோ குத்துமோ என்ற பயம் வேறு.

பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் ஈறோரமாக 14 கேஜ் என்ற தடித்த ஊசியைக் குத்தி, அதன் துளை வழியாகக் கம்பியை நுழைத்து, ஊசியை உருவிவிடுவோம். இப்படியே ஒவ்வொரு பல்லாக வளைத்து வந்து, முறிவுக்கு அந்தப்புறம் உறுதியாக நிற்கும் பற்களோடு சேர்த்து, பிளையரால் இழுத்துக்கொண்டே முறுக்க வேண்டும். இழுக்காமல் வெறுமனே முறுக்கினால் கம்பி ஒன்றோடொன்று சரியாகப் பின்னாது, இரண்டே நாளில் தளர்ந்துவிடும். முறுக்கிய முனை உதட்டைக் குத்தாமலிருக்க அதன்மேல் பல் செட் செய்யும் அக்ரிலிக்கைப் பூசுவோம். அது இறுகும்போது நன்றாகச் சுடும், அதனால் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

முறிவு இன்னும் பின்னால், பல்லில்லாத இடைவெளியில் இருந்தால் கம்பியை முதல் கடைவாய்ப்பல்வரை கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அதற்குக் கன்னத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு டிரில்லை உள்ளே விடுவோம். இரண்டு பக்கமும் கடைவாய்ப்பல் வரிசையிலேயே உடைந்திருந்தால்தான் பிளேட்டோ, வெளியில் பொருத்தும் கம்பிச் சட்டமோ, முழு மயக்கமோ தேவைப்படும். ஒரு பக்கம் மட்டும் விரிசல் விட்டு, எலும்பு விலகாமல் இருந்தால் சும்மா விட்டாலே பெரும்பாலும் சேர்ந்துவிடும், மறுபக்கத் தாடை தாங்கிக்கொள்ளும்.

ஆகவே முதலில் எக்ஸ்ரே. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எது பக்கமோ அங்கே போன் செய்து, குதிரை ஆபரேஷன் செய்பவர் என்றைக்கு இருப்பார் என்று கேட்டுக்கொண்டு வண்டி ஏற்றுங்கள். நாளை என்றாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் டெட்டனஸ் ஊசியை இன்றே போடுங்கள், குதிரையை அந்த நோய் சுலபத்தில் பிடிக்கும். வலி ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் உள்ளூர் கால்நடை மருத்துவரே தொடங்கலாம்.

கம்பி ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும். அதுவரை மேய்ச்சல் கூடாது, புல்லைப் பற்றி இழுப்பதுதான் கம்பிக்கு எமன். தவிட்டையும் வேகவைத்து மசித்த கொள்ளையும் கூழாகக் கரைத்து, பரந்த தட்டில் வையுங்கள், உதட்டாலேயே வழித்துத் தின்னும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் குழாய் நீரை மெதுவாக விட்டு வாயைக் கழுவுங்கள். கம்பி ஒன்று அறுந்தால் பதற வேண்டாம், திரும்பக் கட்டலாம். தாடைக்கு அடியில் சீழ் வைத்துத் துளை விழுந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். உள்ளே செத்த எலும்புத்துண்டோ சீழ்பிடித்த பல்வேரோ இருக்கலாம்.

எப்போது சவாரி என்று அடுத்து கேட்பீர்கள். கம்பியை எடுத்து, எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தது தெரிந்த பிறகுதான் வாயில் கடிவாளம். குதிரைப் பல் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். மேல்வரிசையும் கீழ்வரிசையும் இம்மி விலகிச் சேர்ந்திருந்தாலும் ஒன்று தேயாமல் நீண்டுகொண்டு வரும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லை அரம் போட்டுச் சரிசெய்ய ஆள் பார்த்து வையுங்கள். அந்தத் தொட்டியின் விளிம்பையும் வளைத்து மூடிவிடுங்கள்.