முள்ளைத் தேடிய பிறகே ஒட்டுப் போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் நாமே செய்துகொள்ளும் சைக்கிள் வேலைகள்

கேள்வி: மகன் பள்ளிக்குப் போகும் சைக்கிளுக்கு நானே பஞ்சர் ஒட்டப் பழகிக்கொண்டேன். ஆனால் இந்த ஒரு வாரத்தில் பின்சக்கரத்துக்கு மூன்று முறை ஒட்டியும், மறுநாள் காலையில் பார்த்தால் காற்று இறங்கிப் போயிருக்கிறது. ஒட்டுப் பிடிக்கவில்லையா, அல்லது டியூபே போய்விட்டதா?
(வாசகி, பரமக்குடி)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கம் சீமைக் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை என்பதால் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழுகிறது. முள் டயரைத் துளைத்ததும் வெளியே நீண்டிருக்கும் பகுதி ஓட்டத்தில் ஒடிந்து விழுந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கி, நாம் ஒட்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி டியூபை மறுபடியும் குத்தும். ஒட்டுப் போட்டவர் தன் கைவேலையைச் சந்தேகிப்பார், முள் உள்ளேயே இருக்கும். எனவே அடுத்த முறை டயரைக் கழற்றுமுன், வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரின்மேல் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு, வால்விலிருந்து அது எத்தனை சாண் தள்ளியிருக்கிறது என்று அளந்தால், டயரில் முள் இருக்கும் இடம் தானே தெரிந்துவிடும். டயரின் உட்புறத்தில் ஒரு சிறு பஞ்சு உருண்டையை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். விரலுக்குத் தெரியாத முள்நுனியில் பஞ்சு இழை மாட்டி நின்றுவிடும், விரலும் தப்பிக்கும்.

ஓட்டை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் காரணத்தைச் சொல்லிவிடும். தரையைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் முள், ஆணி, கண்ணாடி இவற்றுள் ஒன்று. ரிம்மைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால், ரிம்முக்குள் சுற்றியிருக்கும் ரப்பர் நாடா விலகி, போக்ஸ் கம்பியின் முனை டியூபை உரசுகிறது என்று பொருள். நாடாவைச் சரிசெய்யாமல் எத்தனை ஒட்டுப் போட்டாலும் பயனில்லை. பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தால், காற்றுக் குறைவாக இருந்தபோது சக்கரம் பள்ளத்தில் இறங்கி, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது.

தண்ணீரில் அமுக்கியும் குமிழி எங்குமே வரவில்லை என்றால் வால்வைப் பாருங்கள். பழைய மாடல் வால்வின் உள்ளே இருக்கும் ஊசியின்மேல் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று செருகியிருக்கும். வால்வு டியூப் என்று கேட்டால் எந்தச் சைக்கிள் கடையிலும் தருவார்கள். வெயிலில் அது வெடித்துப் போனால் இரவு முழுவதும் சன்னமாகக் காற்று இறங்கிக்கொண்டிருக்கும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தாலே குமிழி வருவது தெரியும்.

இனி ஒட்டும் முறை. ஓட்டையைச் சுற்றி, ஒட்டைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, டியூபின் பளபளப்பு முழுவதும் போன பிறகு, சொல்யூஷன் எனும் ரப்பர் பசையை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான்: ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அமுக்கிவிடுகிறார்கள். சொல்யூஷன் காய்ந்து, விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டிக்கொள்ளாத பதத்துக்கு வர நான்கைந்து நிமிடம் ஆகும். ஊதி ஆற்றாதீர்கள், வாயின் ஈரம் அதில் படியும். அந்தப் பதத்தில் ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தித் தேய்த்தால் டியூபின் ஆயுள் வரை நிற்கும். டயரைத் திரும்ப மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வில் முடித்தால், கடைசிப் பகுதியும் கையாலேயே உள்ளே இறங்கிவிடும். திருப்புளியால் நெம்பினால் புது ஓட்டை விழுவது ஏறக்குறைய உறுதி.

கேள்வி: பெடலை மாற்ற முயன்றேன். வலப்பக்கம் எளிதாகக் கழன்றது. இடப்பக்கம் ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதித்தும் அசையவில்லை. துருப் பிடித்திருக்குமா?
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது; நீங்கள் கழற்றுவதாக நினைத்து இத்தனை நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். திசையை மனப்பாடம் செய்து குழம்ப வேண்டாம். பெடலில் மாட்டிய ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, அதன் பிடியைப் பின்சக்கரத்தின் பக்கமாகச் சாய்த்தால் இரண்டு பெடலுமே கழலும், முன்சக்கரத்தின் பக்கமாகச் சாய்த்தால் இரண்டுமே இறுகும். புதுப் பெடலின் அச்சு முனையில் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும், அவற்றைப் பார்த்துத் தொடங்குங்கள். முதல் மூன்று சுற்றைக் கையால் மட்டுமே திருகுங்கள். கையால் ஏறாத மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் அலுமினியமாக இருந்தால் ஸ்பேனர் போட்ட அரைச் சுற்றிலேயே மரை அழிந்து, பெடல் வாங்கப் போனவர் கிராங்கும் சேர்த்து வாங்க வேண்டியதாகிவிடும்.

இடப்பக்கத்துக்கு மட்டும் ஏன் தலைகீழ் மரை? மிதிக்க மிதிக்கப் பெடலின் அச்சு தன் துளைக்குள் மிக மெல்லியதாக உருண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். இடப்பக்கத்தில் வழக்கமான மரை இருந்தால், அந்த நகர்வே பெடலைத் தளர்த்திக் கழற்றிவிடும். விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் அதற்கு முன் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவர்களும் 1900இல் தங்கள் சைக்கிள்களின் இடப்பெடலுக்கு இந்தத் தலைகீழ் மரையை வைத்தார்கள்.

கேள்வி: செயினுக்கு வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை விடலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வேண்டாம். சமையல் எண்ணெய்கள் காற்றுப் பட்டால் நாளடைவில் பிசினாகி, தெருப் புழுதியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கரிய பசை செயினின் பின்களை உள்ளுக்குள்ளேயே அரம்போல் ராவிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை டீசலில் தோய்த்துச் செயினைச் சுத்தம் செய்து, துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிப் பத்துச் சுற்றுச் சுற்றி, வெளியே மினுமினுக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்யும் இடம் செயினின் உட்புறம் மட்டுமே.

சுத்தம் செய்த கையோடு ஓர் அளவும் எடுத்துவிடுங்கள். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி சரியாக அரை அங்குலம். ஆகவே ஓர் இரும்பு அளவுகோலை வைத்து ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணினால் இருபத்துநான்காவது இடைவெளி 12 அங்குலத்தில் முடிய வேண்டும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளும்வரை விட்டுவைத்தால் பின்னால் இருக்கும் ஃப்ரீவீலின் பற்களும் அதற்கேற்பத் தேய்ந்து, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: தாத்தாவின் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்திருக்கிறேன். அதில் டைனமோ விளக்கு மாட்ட ஆசை. எலக்ட்ரீஷியன் உதவி தேவைப்படுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: தேவையே இல்லை. சாதாரண டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட் அளவுதான், தொட்டாலும் ஆபத்தில்லை. என் அப்பாவின் சைக்கிளில் இருந்த டைனமோவைத் தட்டிவிட்டதும் எழும் ரீங்காரமும், மேட்டில் மங்கி இறக்கத்தில் பிரகாசமாகும் அந்த மஞ்சள் வெளிச்சமும் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. ஆகவே உங்கள் ஆசையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

டைனமோவைப் பின்சக்கரத்தின் பக்கம் சட்டத்தில் மாட்டுங்கள். முன் ஃபோர்க்கில் மாட்டிய டைனமோவின் பிடி தளர்ந்து போக்ஸ் கம்பிகளுக்குள் சாய்ந்தால், முன்சக்கரம் ஓட்டத்தில் பூட்டிக்கொண்டு ஓட்டுபவரைத் தலைகுப்புறத் தள்ளிவிடும். டைனமோவின் அச்சை ஒரு நேர்கோடாகக் கற்பனையில் நீட்டினால் அது சக்கரத்தின் நடு அச்சில் போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் டயர் ஓரம் தேயும், மிதிப்பதும் கனமாகும்.

டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். திரும்பி வரும் வழி சைக்கிளின் சட்டமே. விளக்கு எரியவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் டைனமோவைக் குறை சொல்கிறார்கள், குறையோ பெயிண்டில் இருக்கும். பிடியில் உள்ள கூர் முனைத் திருகு பெயிண்டைக் கீறி இரும்பைத் தொட வேண்டும். விளக்கைத் தாங்கும் தகட்டின் அடியிலும் காசளவுக்குச் சுரண்டி, இரும்பு மின்னுவதைப் பார்த்த பிறகு முடுக்குங்கள். முன்னும் பின்னும் விளக்கு வைத்திருந்து பின் பல்பு போய்விட்டால், அன்றே மாற்றிவிடுங்கள். முழு மின்சாரமும் முன் பல்புக்கே போய் அதுவும் சீக்கிரம் எரிந்துபோகும்.

கேள்வி: சக்கரத்தின் கோட்டத்தை வீட்டிலேயே எடுக்க முடியுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: சக்கரம் லேசாக ஆடினால் முடியும். சைக்கிளைக் கவிழ்த்து, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சுற்றுங்கள். கோடு விழுந்த இடத்தில், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கம்பியின் நிப்பிளை, அதாவது கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சிறு நட்டை, கால் சுற்று மட்டும் இறுக்கி, மறுபடியும் சுற்றிப் பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். ரிம்மே பள்ளம் விழுந்து மடங்கியிருந்தால் கடைக்குக் கொண்டுபோவதுதான் முறை. பழைய பெரிய சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 கம்பிகள் இருக்கும். அத்தனையையும் ஒரே முறுக்கத்தில் நிறுத்துவது பல வருடக் கைப்பழக்கம். அந்தக் கைக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு வயது மகளை உட்காரவைக்கப் பின்னால் குழந்தை சீட் மாட்ட விரும்புகிறேன். இப்போதுள்ள கேரியரிலேயே மாட்டலாமா?
(வாசகி, திருவள்ளூர்)

பதில்: கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்பது அதன்மேலேயே பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழந்தையின் எடையோடு சீட்டின் எடையையும் கூட்டினால், அந்த அளவுக்குள் தாராளமாக அடங்க வேண்டும். எடை எதுவும் குறிக்காத மெல்லிய கம்பிக் கேரியரில் குழந்தையை உட்காரவைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சீட்டைவிட முக்கியமானது கால். கேரியரில் உட்கார்ந்த குழந்தையின் குதிகால் போக்ஸ் கம்பிக்குள் சிக்கினால், ஒரு நொடியில் சதை கிழிந்துவிடும். சக்கரத்தின் இரு பக்கமும் வலைபோட்டு மறைத்து, பாதத்தைக் கட்டும் வாருள்ள கால் தாங்கியும் இருக்கும் சீட்டையே வாங்குங்கள். உங்கள் இருக்கைக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருந்தால் அதையும் கனமான துணியால் சுற்றி மூடிவிடுங்கள். நீங்கள் ஏறி உட்காரும்போது அது அமுங்கும், குழந்தையின் விரல் அந்த நேரத்தில் அங்கேதான் இருக்கும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் குழந்தையை மேலே விட்டுப் போகக் கூடாது, அரை நிமிடத்துக்குக்கூட.

சீட்டை மாட்டி முடித்ததும், ஓர் அரிசிப் பையை அதில் வாரால் கட்டித் தெருவில் நான்கு சுற்றுச் சுற்றி வாருங்கள். திரும்பி வந்து எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒன்றாவது கால் சுற்று ஏறும். எதுவும் ஏறாத நாளில் மகளை உட்காரவையுங்கள்.