எஸ்டிமேட்டில் மூன்று இங்கிலீஷ் வார்த்தை, மூன்று தொகை

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பழைய வீட்டை இடித்துவிட்டு 900 சதுர அடியில் புது வீடு கட்டப்போகிறார்கள். கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட் முழுக்க இங்கிலீஷ். அதில் 'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' என்று ஒரு தொகை, 'சப்போர்ட்' என்று ஒரு தொகை, கடைசிப் பக்கத்தில் 'ஸ்ட்ரென்த்தனிங்' என்று இன்னொரு தொகை. பிளஸ் டூ படிக்கும் மகள் போனில் அகராதியைப் பார்த்து, மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் என்று சொல்லியிருக்கிறாள். கான்ட்ராக்டரைக் கேட்டால், "எல்லாம் வீடு ஸ்ட்ராங்கா நிக்கணும்னுதானக்கா" என்கிறாராம். ஒரே வேலைக்கு மூன்று முறை பணம் கொடுக்கிறேனா என்பது அவர் கேள்வி.

மகள் பார்த்தது தப்பில்லை. அகராதியில் அவை ஏறக்குறைய ஒரே பொருள் தரும் சொற்கள்தான். கட்டட வேலையில் மூன்றும் வேறு வேறு வேலை. முதல் தொகை நியாயமானது, அளவு மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது, உங்கள் வீடு எந்த மாதிரித் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்றாவது புது வீட்டுக்குக் கிடையவே கிடையாது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

வாழை குலை தள்ளியதும் காற்றில் சாயாமல் இருக்கக் கம்பு ஊன்றி முட்டுக் கொடுக்கிறோமே, அது சப்போர்ட். குலையை வெட்டினால் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். ரீஇன்ஃபோர்ஸ்மென்டைப் பிடுங்க முடியாது. கான்கிரீட்டுக்குள்ளேயே கிடக்கும் கம்பி அது. கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். மேல்தளத்தில் பாரம் ஏறும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. ஆர்.சி.சி. (ரீஇன்ஃபோர்ஸ்டு சிமென்ட் கான்கிரீட்) என்று எல்லாரும் சொல்கிறோமே, அதில் முதல் எழுத்து இந்த வார்த்தையிலிருந்து வந்ததுதான். பாடப் புத்தகத்தில் வலுவூட்டல் என்பார்கள், சைட்டில் கம்பி வேலை என்பார்கள்.

படைக்கு மேலும் ஆள் சேர்ப்பதுதான் இங்கிலீஷில் இதன் பழைய பொருள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு வெளியூரிலிருந்து கூடுதல் போலீஸ் வந்தால் அதற்கும் இதே வார்த்தைதான், ஆனால் கடைசியில் ஒரு 'எஸ்' சேரும். கம்பிக்குப் பொதுவாக 'எஸ்' சேர்ப்பதில்லை. மகளுக்குப் பரீட்சையில் உதவும்.

சரி, பணத்துக்கு வருவோம். ரீஇன்ஃபோர்ஸ்மென்டை எப்போதும் கிலோவில் கேளுங்கள். மொத்தத் தொகையாகப் போட்டிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதாரணத் தரைத்தள வீட்டுக்கு நாங்கள் குத்துமதிப்பாகச் சதுர அடிக்கு 3.5 முதல் 4 கிலோ கம்பி போடுவோம். உங்கள் 900 சதுர அடிக்கு 3,150 முதல் 3,600 கிலோ. எஸ்டிமேட்டில் ஐந்து டன் இருந்தால், எந்த பீமில் எத்தனை கம்பி என்று காட்டும் பட்டியலைக் கேளுங்கள், அதற்குப் பெயர் பார் பெண்டிங் ஷெட்யூல்.

இங்கேதான் கம்பி புரோக்கர் உள்ளே வருவார். இவர்களைப் பற்றி நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. "கம்பெனி ரேட்டுக்குக் கீழே தாரேன்" என்பார். கணக்கை எடையில் வைக்காமல் எண்ணிக்கையில் வைப்பார், ஒரு கட்டுக்கு இத்தனை கம்பி என்று. கம்பி கொஞ்சம் மெலிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, எடைக்குத் தெரியும். 12 மில்லி (மில்லிமீட்டர்) கனமுள்ள கம்பியில் சரியாக ஒரு மீட்டர் வெட்டி, பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் போடுங்கள். 888 கிராம் காட்ட வேண்டும். 8 மில்லி என்றால் 395 கிராம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்க விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் 12 மில்லியில் 840-க்கும் கீழே போனால் லோடை இறக்கவே விடாதீர்கள். எடைமேடைச் சீட்டில் லோடோடு ஒன்று, காலி வண்டி ஒன்று என்று இரண்டு எடையும் இருக்க வேண்டும். ஒரு எடை மட்டும் உள்ள சீட்டை நீட்டுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

இனி சப்போர்ட். தளம் போட அடியில் பலகை அடித்து முட்டு நிறுத்துவதை நாம் சென்ட்ரிங் என்போம். கான்கிரீட் இறுகியதும் கான்ட்ராக்டர் கழற்றி எடுத்துக்கொண்டு போகிற சாமான் அது. அதன் கூலியும் வாடகையும் பெரும்பாலும் தளத்துக்குப் போட்ட ரேட்டிலேயே அடங்கியிருக்கும். தளம், பீம் என்று வரும் இடத்தில் சென்ட்ரிங் உட்பட என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். எழுதியிருந்தால், தனியாக சப்போர்ட் என்று கேட்பது இரண்டாம் முறை கேட்பதுதான்.

ஆனால் ஒரு விஷயம், இதைப் பதறாமல் படியுங்கள். கல்லிடைக்குறிச்சியில் பல தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி, நடுவே ஒரே பொதுச்சுவரோடு நிற்கின்றன. உங்கள் வீடும் அப்படியா? அப்படியானால் அந்தச் சப்போர்ட் தொகை வேறு வேலைக்காக இருக்கலாம். பொதுச்சுவரில் இந்தப் பக்கம் உங்கள் உத்திரமும் அந்தப் பக்கம் அடுத்த வீட்டு உத்திரமும் உட்கார்ந்திருக்கும். உங்கள் பக்கத்தை இடித்து எடுத்ததும் சுவருக்கு ஒரு கை போன மாதிரி. அதற்குச் சாய்வாக முட்டுக் கொடுத்து, சுவரின் தலையில் தார்ப்பாயைப் போட்டு மூடி, அதன் ஓரமாக அஸ்திவாரக் குழியைத் துண்டு துண்டாகத்தான் தோண்ட வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வேலையில் நான் எழுதிக் கொடுத்த இந்தச் செலவை, புரோக்கர் பேச்சைக் கேட்டு வெட்டிவிட்டார்கள். ஐப்பசி மழை. இடித்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அடுப்படிச் சுவர் சரிந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா தண்ணீர் பிடிக்க வாசலுக்கு வந்திருந்ததால் பிழைத்தார். ஆகவே பொதுச்சுவர் இருந்தால் அந்தத் தொகையில் கை வைக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றி, 'பக்கத்துச் சுவருக்கு முட்டு' என்று தமிழில் எழுதி வாங்குங்கள்.

ஸ்ட்ரென்த்தனிங் என்பது ஏற்கெனவே நிற்கிற கட்டடத்தைப் பலப்படுத்துவது. பழைய பில்லரைச் சுற்றிக் கம்பி கட்டி மறுபடி கான்கிரீட் போடுவது போன்ற வேலை. நீங்கள்தான் இடித்துவிட்டுக் கட்டுகிறீர்களே.

தமிழ்நாட்டில், தமிழில் பேசுகிற கான்ட்ராக்டர், தமிழ் படிக்கிற வீட்டுக்காரருக்கு ஏன் இங்கிலீஷில் எஸ்டிமேட் கொடுக்க வேண்டும்? பிளான் இங்கிலீஷ், வங்கிக் கடன் காகிதம் இங்கிலீஷ், அதனால் இதுவும். பிளான் என்றதும் இன்னொன்று: 2024 ஜூலையிலிருந்து சின்ன வீடுகளுக்குச் சுயசான்று (நாமே உறுதி சொல்லிக் கொடுக்கும்) முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் தளம் போடும் காலையில் கம்பியைப் பார்க்க எந்த அலுவலகத்திலிருந்தும் ஆள் வரப்போவதில்லை. நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக், அதாவது கம்பி பலகையைத் தொடாமல் இடைவெளி விடும் சின்னக் கட்டை, வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். அந்த இடைவெளி தளத்துக்கு 20 மில்லி, பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் சொருகியிருந்தால் கான்கிரீட் கலக்க விடாதீர்கள்.

எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மூன்று வரி மாற்றிக் கேளுங்கள்: கம்பி இத்தனை கிலோ, எடைச்சீட்டுப்படி; தளம், பீம் சென்ட்ரிங் உட்பட; பொதுச்சுவர் இருந்தால் அதற்கு முட்டு தனி. முடியாது என்று அவர் சொன்னால், முன்பணம் கொடுக்கும் முன்பே இன்னொருவரிடம் எஸ்டிமேட் வாங்கிவிடுங்கள்.